அயர்லாந்தில் சமயப் பாராமுகம்

அயர்லாந்துக் குடியரசின் 1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் 94.9 சதவீதம். மதம் இல்லை என்று எழுதியவர்கள் நாடு முழுவதிலும் 1,107 பேர்தான். 2022-இல் கத்தோலிக்கர் 69 சதவீதமாகக் குறைந்தனர். மதம் இல்லாதோர் ஏழு லட்சத்தைத் தாண்டினர். இதை நாத்திகத்தின் வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஊர் ஊராகக் கடவுள் மறுப்புப் பேசிய இயக்கம் எதுவும் அங்கே செல்வாக்குப் பெற்றதில்லை. பெரும்பாலோர் கடவுளோடு வழக்காடவும் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். பிள்ளைப் பருவத்தில் பெற்ற சமயத்தை மறுக்காமலே அதிலிருந்து நழுவிப்போகும் இந்தப் போக்கே சமயப் பாராமுகம் எனப்படுகிறது.

நழுவியது எது என்பதை அறிய, அது வந்த காலத்தைப் பார்க்க வேண்டும். அயர்லாந்தின் பக்தியைத் தொன்றுதொட்டு வந்ததாக நினைப்பவர்கள் பலர். 1834-இல் அரசு திரட்டிய விவரங்களைக் கொண்டு டேவிட் மில்லர் என்ற வரலாற்றாசிரியர் போட்ட கணக்கு வேறு கதை சொல்கிறது. ஐரிஷ் மொழி பேசிய ஊர்ப்புறங்களில் ஞாயிறு பூசைக்கு வந்தவர்கள் பாதிக்கும் குறைவு என்றார் அவர். இந்தக் கணக்கைக் குறைகூறியவர்களும் உண்டு. ஆயினும் பெரும் பஞ்சத்துக்கு முந்தைய மக்கள் புனிதக் கிணறுகளையும் ஊர்த் திருவிழாக்களையும் சுற்றி வாழ்ந்தார்கள், கோயில் வழிபாடு அவர்களுக்கு அவ்வளவு நெருக்கமானதாக இல்லை என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. கோயில்களும் குருக்களும் போதாத காலம் அது.

1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்றுத் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் மடிந்தனர். ஏறக்குறைய அதே அளவினர் கப்பலேறினர். செத்தவர்களிலும் போனவர்களிலும் பெரும்பகுதி நிலமற்ற கூலிகள். எஞ்சிய சிறு விவசாயக் குடும்பங்கள்தான் திருச்சபை எதிர்பார்த்த ஒழுங்குக்கு எளிதில் வந்தன. ரோமிலிருந்து திரும்பிய பால் கல்லன் 1850-இல் தர்லெஸ் நகரில் ஆயர் பேரவையைக் கூட்டினார். பிறகு டப்ளின் பேராயராகி, 1866-இல் அயர்லாந்தின் முதல் கர்தினாலும் ஆனார். செபமாலை, நாற்பது மணி ஆராதனை, பக்த சபைகள், அடிக்கடி பாவசங்கீர்த்தனம் எல்லாம் ஊர்தோறும் வேரூன்றியது இவர் காலத்தில்தான். மக்கள்தொகை சரிந்துகொண்டே போக, கன்னியர் எண்ணிக்கை 1850-க்கும் 1900-க்கும் இடையில் ஐந்து மடங்காயிற்று. வரலாற்றாசிரியர் எம்மெட் லார்கின் 1972-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதை ‘பக்திப் புரட்சி’ என்றார். ஆகவே இருபதாம் நூற்றாண்டில் கரைந்த பழக்கத்துக்கு வயது ஏறக்குறைய நூறு. தலைமுறை தலைமுறையாய் வந்ததுபோல் தோன்றினாலும் அது நான்கைந்து தலைமுறைதான் நின்றது.

மிஞ்சிய குருக்களையும் கன்னியரையும் அயர்லாந்து உலகெங்கும் அனுப்பியது. கல்லன் காலத்துக்கு முன்பே, 1842-இல், பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சென்னை வந்து பள்ளி தொடங்கினர். அங்குள்ள சர்ச் பார்க் பள்ளி அந்தச் சபையுடையதே.

1922-இல் பிறந்த புதிய அரசு திருச்சபையைத் தன் தூணாக்கிக்கொண்டது. 1937 அரசியல் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி நிலை தந்தது. கருத்தடைச் சாதனங்களின் விற்பனையும் இறக்குமதியும் 1935-லேயே தடைசெய்யப்பட்டிருந்தன. 1951-இல் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் தர முனைந்த சுகாதார அமைச்சர் நோயல் பிரவுன், ஆயர்கள் எதிர்த்ததும் பதவி இழந்தார். பள்ளியும் மருத்துவமனையும் அநாதை இல்லமும் சபைகளின் கையில். பூசைக்கு வராதவர் யார் என்பது பங்குச் சாமியாருக்கு மட்டுமல்ல, மளிகைக் கடைக்காரருக்கும் தெரியும். அப்போதும் நம்பிக்கையில் ஆட்டம் கண்டவர்கள் இருந்தார்கள். கோயில் கடைசியில் வாசலையொட்டி நின்று, தொப்பியைத் தரையில் போட்டு அதன்மேல் ஒரு முழங்காலை ஊன்றி, பூசை முடியுமுன்னே வெளியேறும் ஆண்களின் கூட்டம் எல்லாப் பங்கிலும் உண்டு. கணக்கெடுப்பில் அவர்களும் கத்தோலிக்கர். பாராமுகம் அன்றும் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளத்தான் துணிவில்லை.

1961-இன் கடைசி நாளில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியதும், 1967-இல் இடைநிலைக் கல்வி இலவசமானதும், 1973-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் நாடு சேர்ந்ததும் மாற்றத்துக்கான காரணங்களாக வழக்கமாகச் சொல்லப்படுபவை. இவற்றைவிட ஆழமாக வெட்டியது 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட ‘உமானே வித்தே’ சுற்றுமடல். கருத்தடை பாவம் என்று அது உறுதிசெய்தது. 1971-இல் பெண்கள் விடுதலை இயக்கத்தினர் ரயிலேறி, தடை இல்லாத வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் சென்று கருத்தடைச் சாதனங்களை வாங்கி வந்து, டப்ளின் ரயில் நிலையத்தில் சுங்க அதிகாரிகளுக்கு எதிரே பகிரங்கமாகக் காட்டினர். வெளிச்சத்துக்கு வராத மாற்றம் இதைவிடப் பெரியது. எத்தனை பிள்ளை என்பதைத் தாங்களே முடிவுசெய்த தம்பதிகள் அதைப் பாவமென்று அறிக்கையிட மனமில்லாமல் பாவசங்கீர்த்தனத்தை விட்டார்கள், பூசையை விடவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஞாயிறு பூசைக்கு வந்தோர் சுமார் 90 சதவீதம். கோயில் நிறைந்திருந்ததால் ஆயர்கள் அபாயத்தை உணரவில்லை.

1979 செப்டம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் டப்ளின் ஃபீனிக்ஸ் பூங்காவில் நிறைவேற்றிய திருப்பலிக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டனர். கால்வே நகரில் இளைஞர் திருப்பலிக்கு முன் கூட்டத்தைப் பாடவைத்து உற்சாகப்படுத்தியவர்கள் ஆயர் எமன் கேசியும் மைக்கேல் கிளியரி என்ற குருவும். கேசிக்கு அமெரிக்காவில் ஒரு மகன் இருப்பது 1992-இல் வெளியானது. கிளியரியும் தந்தையானவர் என்பது அவர் இறந்த பிறகு தெரிந்தது. இவை மனித பலவீனம் என்று மன்னிக்கத்தக்கவை. அடுத்து வந்தவை அப்படியல்ல. சிறார்களைப் பல ஆண்டுகள் சீரழித்த பிரெண்டன் ஸ்மித் என்ற குருவை நாடுகடத்தும் கோப்பு தாமதமான விவகாரத்தில் 1994-இல் பிரதமர் ஆல்பர்ட் ரெய்னால்ட்ஸின் அரசே கவிழ்ந்தது. 2009-இல் வெளிவந்த ரயன் அறிக்கை, சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் குழந்தைகள் பட்ட கொடுமையைப் பதிவுசெய்தது. அதே ஆண்டின் மர்ஃபி அறிக்கை டப்ளின் மறைமாவட்டம் குற்றங்களை மூடிமறைத்ததைக் காட்டியது.

எல்லாம் இந்த ஊழல்களால் வந்தது என்பது பொதுவான விளக்கம். அது பாதி உண்மை. டப்ளினின் தொழிலாளர் குடியிருப்புகளில் பூசைக் கூட்டம் அதற்கு முன்பே கரையத் தொடங்கிவிட்டது. குருமடங்களில் சேர வரும் இளைஞர்களும் குறைந்துகொண்டிருந்தனர். கார்லோ, கில்கென்னி, வாட்டர்ஃபோர்டு, தர்லெஸ் குருமடங்கள் 1993-க்கும் 2002-க்கும் இடையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குருத்துவப் பயிற்சியை நிறுத்தின. ஊழல்கள் செய்தது இன்னொன்று. பூசைக்குப் போகாதவன் ஊருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலை போய், போகிறவன் விளக்கம் சொல்லும் நிலை வந்தது. அதன்பின் இறக்கம் வேகமெடுத்தது: 1990 அளவில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்த வாராந்திரப் பூசை வருகை, புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பாதிக்கும் கீழே போயிற்று.

சட்டங்களும் பின்தொடர்ந்தன. 1986 பொதுவாக்கெடுப்பில் தோற்ற மணமுறிவு 1995-இல் சுமார் 9,000 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. ஒருபாலினத் திருமணத்தை 2015-இலும், கருக்கலைப்புத் தடை நீக்கத்தை 2018-இலும் மக்கள் பெரும் வித்தியாசத்தில் ஏற்றனர். பெரிய வெள்ளியன்று மதுக்கடைகளை மூடவைத்த 1927-ஆம் ஆண்டுத் தடையும் 2018-இல் நீங்கியது. அதே ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வந்தபோது ஃபீனிக்ஸ் பூங்காவில் கூடியவர்கள் 1979 கூட்டத்தின் சிறு பங்கே.

பாராமுகம் பகையல்ல என்பதற்குச் சான்று விலகல் படிவத்தின் கதை. 2009-இல் திருச்சபையிலிருந்து முறைப்படி விலக உதவும் இயக்கம் ஒன்று எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆர்வம் காட்டினர். அதே ஆண்டில் வத்திக்கான் திருச்சபைச் சட்டத்தைத் திருத்தி, முறையான விலகல் என்ற ஏற்பாட்டையே எடுத்துவிட்டது. இயக்கம் ஓய்ந்தது. லட்சக்கணக்கான மற்றவர்களோ விலகப் படிவம் தேடும் அளவுக்குக்கூட அக்கறை காட்டவில்லை. எழுத்தாளர் ஜான் மக்கஹர்ன் தம் ‘தி டார்க்’ நாவல் 1965-இல் தடைசெய்யப்பட்டதையடுத்து ஆசிரியர் வேலையை இழந்தவர், நம்பிக்கையையும் விட்டவர். ஆனாலும் தம்மை உருவாக்கிய திருச்சபை மீது நன்றியே பாராட்டினார். 2006-இல் அவர் பூசை வைத்தே அடக்கம் செய்யப்பட்டார். அந்த நாட்டில் இது முரணாகத் தெரிவதில்லை.

திருமணங்களில் கத்தோலிக்க முறைப்படி நடப்பவை இன்று ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மை மட்டும் அசையவில்லை. ஏழெட்டு வயதில் வெள்ளை உடை, விருந்து, உறவினர் தரும் பணம் என்று அது குடும்ப விழாவாகிவிட்டது. அதற்கான தயாரிப்பு வகுப்பறையிலேயே நடப்பதும் ஒரு காரணம். தொடக்கப் பள்ளிகளில் பத்தில் ஒன்பது இன்றும் கத்தோலிக்க நிர்வாகத்தில் உள்ளன. திருமுழுக்குச் சான்று கேட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கும் வழக்கத்தை 2018-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பள்ளிகளில் நிறுத்தியது. உள்ளூர்க் குருக்கள் முதுமையடைந்துவிட்ட பங்குகளில் இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் வந்த குருக்கள் பூசை வைக்கிறார்கள். 2022 கணக்கெடுப்பில் கேள்வியே மாறியிருந்தது: உங்கள் மதம் என்ன என்பதற்குப் பதிலாக, இப்போதைய மதம், இருந்தால், எது என்று கேட்டார்கள். ஏறக்குறைய 7 சதவீதத்தினர் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டனர். பள்ளிகளைப் பொறுத்தவரை, 2030-க்குள் பல்சமயப் பள்ளிகளைக் குறைந்தது 400 ஆக்குவது 2020-இல் பதவியேற்ற அரசின் இலக்காக இருந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளின் கைமாற்றம் மெதுவாகவே நடக்கிறது. அதற்குத் தயங்குவோரில் பூசைக்கே போகாத பெற்றோரும் உண்டு.