கித்தார் கற்பித்த குருவானவர்

கித்தார் எவரும் எளிதில் கற்கும் கருவி என்னும் ஏளனம் இன்று பிறந்ததன்று. 1611-இல் ஸ்பானிய மொழிக்குப் பேரகராதி தந்த செபஸ்தியான் தெ கோவாருபியாஸ், குவெங்கா நகரப் பேராலயக் குருக்களுள் ஒருவர். அவர் இக்கருவியை மாட்டின் கழுத்துமணிக்கு ஒப்பிடுகிறார். குதிரை லாயத்துப் பணியாளரெல்லாம் இதை மீட்டுகின்றனர் என்றும், உயர்ந்தோர் போற்றிய விகுவேலாவைக் கற்பார் அருகிவிட்டனர் என்றும் வருந்துகிறார். சொற்பொருள் கூற வந்த இடத்தில் இத்துணைச் சினம் ஏனோ!

அவர் வெறுத்த அந்த எளிமையே கித்தாரை வாழவைத்தது என்பது நம் கருத்து. 1596-இல் பார்சலோனாவில் ஜோன் கார்லஸ் அமாத் என்னும் மருத்துவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். இசைக்குறி படிக்க அறியாதவரும் அதிலுள்ள எண்களைப் பார்த்து விரல்களை வைத்துப் பாடலுக்குத் துணையாக மீட்டலாம். இத்தாலியர் எண்களுக்குப் பதில் எழுத்துகளைக் கொண்டனர். ஓர் எழுத்துக்கு ஒரு பிடி. அவ்வரிசையில் முதலெழுத்துக்கும் முன்னே நிற்பது சிலுவைக் குறி. அக்காலச் சிறுவரின் அரிச்சுவடியும் சிலுவையோடுதான் தொடங்கிற்று.

இம்முறையை விரித்து எழுதியவரும் ஒரு குருவே. கலாந்தா என்னும் ஊரில் பிறந்து, சலமான்காவில் இறையியல் பயின்ற காஸ்பர் சான்ஸ், இத்தாலியில் இசை கற்றுத் திரும்பி, 1674-இல் சரகோசாவில் ஸ்பானியக் கித்தார் பயிற்சி நூலை அச்சிட்டார். அக்காலக் கித்தாரின் மெட்டுகள் உலோகத்தாலானவை அல்ல; குடல்நரம்பைத் தண்டில் சுற்றிக் கட்டியவை. ஆதலின் மெட்டுகளை எங்கே கட்டுவது, சுருதி கூட்டுவது எவ்வாறு என்பவற்றையும் இவ்விறையியலார் பொறுமையாக விளக்குகிறார்.

தந்தியைப் பற்றி அவர் கூறுவது நம்மைப் பெரிதும் கவர்கின்றது. உரோமை ஆசிரியர் மெல்லிய தந்திகளையே பூட்டினர். ஸ்பானியர் தடித்த தந்திகளையும் சேர்த்தனர். சான்ஸ் எவரையும் பழிக்கவில்லை. எல்லாத் தந்திகளையும் ஒருசேர வருடி முழங்க விரும்புவோர்க்குத் தடித்தது ஏற்றது. ஒவ்வொன்றாக நுட்பமாய் மீட்டுவோர்க்கு மெல்லியது ஏற்றது என்கிறார். தொடங்குவோனின் விருப்பத்தை அறிந்து அதற்கேற்ப வழிகாட்டும் ஆசிரியர் எக்காலத்தும் அரியர். ஆயினும் கருவியைக் குறை சொல்வோரிடம் அவர் கண்டிப்பானவர். குறை மீட்டுவோரிடமே என்று முன்னுரையில் கூறிவிடுகிறார். எளிய பிடிகளோடு அவர் நிற்கவும் இல்லை. நடன இசைகளைக் கடந்து, கீழ்க்குரலைக் கொண்டு பாடலுக்குத் துணை அமைக்கும் விதிகள்வரை மாணவரை அழைத்துச் செல்கிறார்.

கண்பார்வையற்ற இசைமேதை யோவாக்கின் ரொத்ரீகோ, சான்ஸின் இசையைக் கொண்டு 1954-இல் கித்தாருக்கும் பல்லியத்துக்குமாக ஒரு படைப்பை இயற்றினார். அதனை 1958-இல் சான்பிரான்சிஸ்கோவில் செகோவியா அரங்கேற்றினார். அதில் இடம்பெறும் 'கனாரியோஸ்' நடனத்தை, சான்ஸ் எழுதிய வடிவிலேயே கித்தார் மாணவர் இன்றும் பயில்கின்றனர்.