பட்ஜெட் கம்மியா... வீடியோ ஷூட்டுக்கு எந்த லைட் வாங்கலாம்?

குறும்படம், சமையல் வீடியோ, ரீல்ஸ்... எதுவா இருந்தாலும் படம் புள்ளி புள்ளியா வந்தா, நாம முதல்ல திட்டுறது மொபைலைத்தான். வெளிச்சம் பத்தாதபோது கேமரா தானாகவே ஐ.எஸ்.ஓ-வை ஏற்றுவதால் வருபவைதான் அந்தப் புள்ளிகள். அதனால், புது மொபைலுக்கு இ.எம்.ஐ போடுறதுக்கு முன்னாடி ஒரு நல்ல லைட் வாங்கப் பாருங்க. எதையெல்லாம் கவனிக்கணும்?

வாட்ஸை மட்டும் பார்க்காதீங்க!

வாட்ஸ் என்பது லைட் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்ற கணக்கு; வெளிச்சத்தின் அளவு அல்ல. ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை லக்ஸ் எனப் பாருங்க. லைட்டை இரண்டு மடங்கு தள்ளிவைத்தால் வெளிச்சம் கால்பங்காகிவிடும். சின்ன ரூமில், ஆளுக்குப் பக்கத்தில் வைக்கப்போறீங்கன்னா சின்ன லைட்டே தாராளம்.

சி.ஆர்.ஐ 95

நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண் இது. உச்சம் 100. வீட்டு எல்.இ.டி பல்புகளில் பெரும்பாலும் 80 அளவில் இருக்கும். வீடியோ லைட்டுக்கு 95-க்கு மேல் தேடுங்க. குறைந்தால் சிவப்பு சரியா வராது. மாநிற முகம் சோர்ந்துபோகும், மீன்குழம்பு வெளிறிப்போகும். எடிட்டிங்கில் இதை முழுசா சரிசெய்ய முடியாது.

மஞ்சளா, வெள்ளையா?

பகல் வெளிச்சம் சுமார் 5600 கெல்வின். மஞ்சள் பல்பு 3000-ஐ ஒட்டியது. இரண்டும் கலந்தால் முகத்தில் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் ஆரஞ்சு. இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளும் ‘பை-கலர்’ லைட் கைகொடுக்கும். கலர் கலரா எரியும் ஆர்.ஜி.பி லைட் பின்னணிக்குத்தான். அதை அப்புறம் வாங்கிக்கலாம்.

ஃப்ளிக்கர் டெஸ்ட்

நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான லைட்டுகள் விநாடிக்கு 100 முறை மினுங்கும். வீடியோவில் கறுப்புப் பட்டை ஓடும். கடையிலேயே வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்துப் பாருங்க. மினுங்கினால் வேண்டாம். ஏற்கெனவே வாங்கிட்டீங்களா? ஷட்டர் ஸ்பீடை 1/50 அல்லது 1/100-ல் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எந்த வகை?

ஒருவர் மட்டும் கேமராவைப் பார்த்துப் பேச, ரிங் லைட் போதும். ஆனால், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் அதில் வளையம் தெரியும். வெளியே தூக்கிட்டுப் போக, பேட்டரியில் ஓடும் எல்.இ.டி பேனல் நல்லது. குறும்படம் எடுப்பவர்களுக்கு, சாஃப்ட்பாக்ஸ் மாட்டக்கூடிய சி.ஓ.பி லைட்.

தெர்மாகோல் போதும்!

சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்தில், காசி வீட்டு செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, அதில் லைட்டை அடித்துத் திருப்பினார் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. திறந்த முற்றத்தில் இறங்கும் பகல் வெளிச்சம் அப்படிக் கிடைத்தது. ஸ்டேஷனரி கடை தெர்மாகோலும் வெள்ளைச் சுவரும் இதே வேலையைச் செய்யும். ஒளி விழும் பரப்பு பெரிதானால், முகத்தில் நிழல் மென்மையாகும். ஹாலஜன் லைட் மேல் மட்டும் துணி போடாதீங்க, தீப்பிடிக்கும்.

மூன்று சுமாரான லைட்டுக்குப் பதில், தரமான ஒரு லைட், ஆடாத ஸ்டாண்டு, ஒரு தெர்மாகோல்... இதுதான் முதல் செட். ஒரே நாள் ஷூட்டுன்னா வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்க. மிச்சமாகும் காசை மைக்குக்கு வைங்க!