இல்லச் சுவரில் ஒரு திருவுருவப் படம்

செஞ்சி என்றதும் மதிலும் கொத்தளமும் தேசிங்கு ராஜனின் குதிரையும் உங்கள் நினைவுக்கு வரும். கோட்டையைச் சுற்றிக் காட்டப் பலர் உளர். நான் உங்களை அதன் அடிவாரத்து வீடொன்றின் கூடத்துக்கு அழைக்கிறேன்.

அது நான் வளர்ந்த வீடு. சுவரில், மார்பில் தழலெரியும் திரு இருதய ஆண்டவர் படம்; அருகிலிருந்த மாடத்தில் கையகலச் சூசையப்பர் சுரூபம். படச்சட்டத்தின் பின்னே குருத்தோலை ஞாயிறன்று கொணர்ந்த ஓலை செருகியிருக்கும். மறு ஆண்டு அது கோவிலுக்குத் திரும்பி, எரிந்து சாம்பலாகி, விபூதிப் புதனன்று எங்கள் நெற்றிக்கு வரும். அந்தி வேளையில் என் அன்னையார் விளக்கேற்றி, அப்படத்தின் முன் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லுவார்.

ஆசிரியப் பயிற்சி முடித்துத் திரும்பிய புதிதில், கலையைப் பற்றி இரண்டொரு நூல்களைப் படித்த செருக்கு எனக்கிருந்தது. ரோஜா நிறக் கன்னமும் சர்க்கரைப் பாகு போன்ற பார்வையும் கொண்ட அப்படத்தை மிட்டாய்க்கடைப் படம் என்று இகழ்ந்து, கழற்றிப் பரணில் போட்டேன். அன்னையார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சுவரில் படம் இருந்த இடம் மட்டும் புகை படியாமல் சதுரமாய் வெளுத்திருந்தது. அவ்வெண்சதுரத்தை நோக்கியே அன்று மாலை ஜெபமாலை சொன்னார். மறுநாள் படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன். அப்போதுதான் அதன் அடியில் பொடியெழுத்தில் இருந்த பாரிஸ் என்னும் சொல் என் கண்ணிற்பட்டது. படத்தின் குலமுறையை ஆராயத் தொடங்கியதும் அன்றுதான்.

உரோமாபுரியில் ஜெசு ஆலயத்துக்கென பொம்பேயோ பத்தோனி என்னும் ஓவியர் 1767இல் சிறு செப்புத் தகடொன்றில் திரு இருதயத்தை வரைந்தார். உலகெங்கும் வீடுகளில் தொங்கும் திரு இருதயப் படங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அதுவே மூதாதை. அதனைப் பெருக்கியது கல்லச்சு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் செனபெல்டர் என்னும் ஜெர்மானியர், கொழுப்பு மையும் நீரும் ஒட்டா என்னும் எளிய இயல்பைக் கொண்டு கல்லிலிருந்து படம் அச்சிடும் முறையைக் கண்டார். பின்னர் நிறத்துக்கொரு கல்லாகப் பல கற்களை மாற்றி மாற்றி ஒரே தாளில் ஒற்றி, வண்ணப் படங்கள் செய்தனர். பாரிஸில் செயின்ட் சுல்பீஸ் ஆலயத்தைச் சூழ்ந்த கடைகள் இப்படங்களுக்கும் சுரூபங்களுக்கும் பெயர் பெற்றவை. அவற்றின் மிகையினிப்பைக் குறிக்க அவ்வாலயத்தின் பெயரையே பிரெஞ்சு விமர்சகர் ஏளனச் சொல்லாக்கினர். நான் இகழ்ந்தது புதுமையன்று, பாருங்கள்! சேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பின், புதுவையைச் சார்ந்த பகுதிகளின் மறைப்பணி பாரிஸ் மறைபோதக சங்கத்தாரிடம் வந்தது. ஆகவே பாரிஸ் படம் செஞ்சியை எட்டியதில் வியப்பில்லை.

ஆயினும் மேனாட்டுச் சமயப் படம் இந்நாட்டுக்கு வந்த கதை அதனினும் பழையது. 1580இல் அக்பரின் அவைக்குச் சென்ற சேசு சபையார் கொடுத்த படங்களை முகலாய ஓவியர் ஆர்வத்தோடு பார்த்து வரைந்தனர். 1597இல் பிமெந்தா என்னும் சேசு சபைக் குரு இதே செஞ்சிக்கு வந்து கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டார். லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கலின் எந்நகரினும் செஞ்சி பெரிது என்று எழுதிச் சென்றார்.

வந்த உருவத்தை நம் நாட்டுக்கு உரியதாக்க எண்ணியவர்களுள் வீரமாமுனிவர் தலையாயவர். பழைய தென்னார்க்காட்டில், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் அவர் நிறுவிய தேவமாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். தமிழ்ப் பெண்ணின் கோலமும் தந்தார். அச்சுரூபத்தை மணிலாவில் செய்வித்து வரவழைத்தார் என்பது வழிவழிச் செய்தி. இருபதாம் நூற்றாண்டில் கோவாவின் ஆஞ்செலோ ட பொன்செகா, சாந்தி நிகேதனத்தில் பயின்று, சேலையுடுத்த மரியாளை வரைந்தபோது, தம் ஊரிலேயே எதிர்ப்புக்கு ஆளானார். வீரமாமுனிவருக்கு இயன்றது இரு நூற்றாண்டுக்குப் பின் ஒருவருக்குக் குற்றமாயிற்று!

இனி என் தீர்ப்பைக் கேட்பீர்கள். ஓவியமாக நோக்கின், பொன்செகாவின் ஒரு படத்துக்கு எங்கள் வீட்டுப் படத்தைப் போன்ற நூறு ஈடாகா. இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. படத்துக்குச் செய்யும் வணக்கம் படம் சுட்டுபவரையே சேரும் என்று 1563இல் திரெந்து நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் விளக்கியது. படத்தின் தரம் பற்றி என் அன்னையார் கவலையுறாமைக்கு அதுவே காரணமென ஒருகால் எண்ணினேன். அது போதாது. அவர் அப்படத்துக்கு நாள்தோறும் மல்லிகைச் சரம் சூட்டினார்; சட்டத்துக்குச் சந்தனப் பொட்டிட்டார்; குருத்தோலை செருகினார். பாரிஸ் முகத்தைச் சுற்றி ஒரு தமிழ்க் கூடம் மெல்ல மெல்ல வளர்ந்தது. பொன்செகா தூரிகையால் செய்ததை அவர் பூவால் செய்தார் என்றே கருதுகிறேன். வேளாங்கண்ணி மாதாவுக்குச் சேலை சாத்துவோரும், பிள்ளையார், மக்கா, மாதா மூன்றையும் ஒரே சட்டத்தில் வைத்துக் கடையில் மாட்டுவோரும் இக்கலையில் தேர்ந்தவர்களே.

கிறிஸ்துமஸ் வேளையில் என் பேரப்பிள்ளைகள் அப்படத்தின் கீழே குடில் அமைப்பர். பெத்லகேம் மலைக்கு அவர்கள் அறிந்த மாதிரி ராஜகிரி ஒன்றே. காகிதத்தைக் கசக்கி உருண்டைப் பாறைகளாக அடுக்கி, உச்சியில் ஒரு கொத்தளத்தையும் தவறாமல் வைத்து விடுவார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று நான் ஒருமுறையும் சொன்னதில்லை.