பந்து வீசிய கை பாடம் சொன்ன கதை

மலையகத்தின் விளையாட்டுப் பெருமை என்று பேச்செடுத்தால், முத்தையா முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில்தான் போய் நிற்போம். 2017 மே 12ஆம் திகதி நோர்வூட்டில் திரண்ட தோட்ட மக்கள் முன் பேசிய இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும், இம்மண் தந்த மைந்தர்களாக எம்.ஜி.ஆரையும் முரளியையுமே எடுத்துச் சொன்னார். ஆனால் 800 என்பது அவர் வாழ்வின் முற்பாதி. ஆட்டக்காரர் பயிற்றுவிப்பாளராகி, பின் நிர்வாக மேசைக்கும் வந்த பிற்பாதியே பொகவந்தலாவைப் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும் என்பது என் துணிபு.

1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர் முரளியின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி. பிற்காலத்தில் அவர் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பிவிட, மகன் முத்தையா இங்கேயே தங்கிக் கண்டிப் பக்கத்தில் பிஸ்கட் தொழில் நடத்தினார். ஆகவே முரளி லயக் காம்பராவில் வளர்ந்தவர் அல்லர். ஒன்பது வயதில் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் சேரும் வசதி அவருக்கு இருந்தது. அங்கே மிதவேகமாகப் பந்து வீசிக்கொண்டிருந்த பதினான்கு வயதுப் பையனைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்தக் கணிப்பு இல்லையேல் 1992 ஓகஸ்டில் அவுஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்ட் அறிமுகமும் இல்லை. 2010 ஜூலை 22இல் காலியில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி எட்டிய 800ஆவது விக்கெட்டும் இல்லை.

133 டெஸ்டுகளின் கணக்கு எல்லோருக்கும் மனப்பாடம். இங்கு நமக்கு வேண்டியது அவருடைய முழங்கை பட்ட பாடு. 1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேர்னில், பந்தை எறிகிறார் என்று நடுவர் டெரல் ஹெயார் ஏழு தடவை 'நோபோல்' கொடுத்தார். பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத கை அது. பேர்த்திலும் ஹொங்கொங்கிலும் ஆய்வுகூடங்களில் அதை அளந்தார்கள். 2004இல் எஃகுக் கம்பிகள் வைத்த உறையைக் கையில் மாட்டி, முழங்கை அசைய வழியில்லாமல் செய்துகொண்டு, தொலைக்காட்சிக் கமராவுக்கு முன் பந்து வீசினார். ஓஃப் சுழல், டொப் ஸ்பின், தூஸ்ரா மூன்றும் வழக்கம்போல் விழுந்தன. முழங்கை 15 பாகை வரை நீளலாம் என்ற பொது விதி 2005இல் நடைமுறைக்கு வந்தது. பிறவித் திறமையுள்ள பலருக்குத் தாம் செய்வதை விளக்கத் தெரியாது. விளக்க வேண்டிய தேவையும் வராது. முரளிக்கோ தோள், முழங்கை, மணிக்கட்டு என்று தன் கலையைப் பிரித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்தது. அவருக்குள் இருந்த ஆசிரியர் உருவானது அந்தச் சோதனையில்தான் என்று நினைக்கிறேன்.

எந்த நாட்டு மைதானத்தில் அவமானப்பட்டாரோ, அந்த அவுஸ்திரேலியாவே 2014இல் தன் சுழற்பந்து வீச்சாளர்களுக்கு ஆலோசகராக அவரை அழைத்தது. வங்காளக் கிரிக்கெட் சங்கமும் அழைத்தது. 2015இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியின் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளர் ஆனார். மறு ஆண்டே அந்த அணி ஐ.பி.எல். கிண்ணத்தை வென்றது. 2016, 2017 இரு பருவங்களிலும் தொடரிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் அந்த அணியின் புவனேஸ்வர் குமார். அவர் வேகப்பந்து வீச்சாளர்! முரளியின் மணிக்கட்டு வேறு யாருக்கும் வாய்க்காது. தூஸ்ராவை மாத்திரம் கற்பிக்கப் போயிருந்தால் முதல் வாரத்திலேயே அவருக்கு வேலை முடிந்திருக்கும். தன்னைப் போல் ஒருவரை வார்க்கப் பார்க்காமல், எதிரே நிற்பவனின் பலத்தை அறிந்து வளர்ப்பதே பயிற்றுவிப்பாளர் வேலை.

ஆட்டக்காரர், பயிற்றுவிப்பாளர், நிர்வாகி என்ற மூன்று படிகளையும் ஏறியவர்களில் உலகம் உதாரணம் காட்டுவது அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஜெரி வெஸ்டை. மேற்கு வேர்ஜீனிய மலைநாட்டில், நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிய ஊரில் பிறந்தவர். லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு 14 பருவங்கள் ஆடினார். ஒன்பது இறுதித் தொடர்களில் எட்டில் தோற்றார். 1976 முதல் மூன்று பருவங்கள் அதே அணிக்குப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். அவருடைய மேதைமை வெளிப்பட்டதோ 1982இல் பொது முகாமையாளரான பிறகு. 1996இல் பாடசாலையை அப்போதுதான் முடித்திருந்த கோபி பிரையண்டை ஆடவிட்டுப் பார்த்து, தேர்ந்த வீரர் ஒருவரை விட்டுக்கொடுத்து அவரை வாங்கினார். 2024இல் மறையும்போதும் அவர் ஓர் அணியின் ஆலோசகர்தான்.

நிர்வாகப் படியில் முரளி அந்த உயரத்தை எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021இல் அரவிந்த டி சில்வா தலைமையில் இலங்கைக் கிரிக்கெட்டுக்கு அமைந்த தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவில் மஹாநாம, சங்கக்கார ஆகியோருடன் இருந்தார். சீனிகம அறநிறுவனத்தைத் தொடங்கிய குஷில் குணசேகரவுடன் சேர்ந்து, அந்நிறுவனத்தின் வழியே சுனாமியில் வீடிழந்தோருக்கான வீடுகளுக்கும் வடக்கின் நல்லிணக்கக் கிண்ணப் போட்டிகளுக்கும் தோள்கொடுத்தார். கழகத்தையோ சபையையோ நாளாந்தம் நடத்தும் பொறுப்பு அவர் கைக்கு வந்ததில்லை.

நம் தோட்டங்களில் மென்பந்து ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. முப்பது வயதைத் தாண்டியதும் துடுப்பைத் தம்பிமாரிடம் கொடுத்துவிட்டு எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். அத்தோடு அவர்கள் கற்றதும் போய்விடுகிறது. இன்னொரு முரளி பிறப்பது நம் கையில் இல்லை. பிறந்தால் பதினான்கு வயதில் அவனை இனங்காண ஒரு சுனில் பெர்னாண்டோ இங்கே இருப்பது நம் கையில்தான் இருக்கிறது. ஓய்வுபெறும் வீரர்களில் ஒருவரை நடுவர் பரீட்சைக்கும் ஒருவரைப் பயிற்றுவிப்பாளர் சான்றிதழுக்கும் ஆண்டுதோறும் செலவு கொடுத்து அனுப்பட்டும் நம் கழகங்கள். கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கும் பரிசளிப்பு விழாவில் ஒரு கேடயம் ஒதுக்கட்டும்.