கட்டணம் யார் கணக்கில்? இந்திய – இலங்கை இறுதி நுகர்வு ஒப்பீட்டில் ஒரு சிக்கல்

குடும்பங்களும் அரசும் ஓராண்டில் நேரடித் தேவைகளுக்கான பொருள்களுக்கும் சேவைகளுக்கும் செய்யும் செலவே இறுதி நுகர்வுச் செலவு. தேசியக் கணக்கில் இது தனியார் நுகர்வு, அரசு நுகர்வு என இரு கூறாக வரும். இந்தியாவில் மடம், அறக்கட்டளை போன்ற லாப நோக்கற்ற அமைப்புகளின் செலவும் தனியார் பக்கமே சேர்கிறது. இரு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடுவோர் பெரும்பாலும் தனியார் நுகர்வை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவையும் இலங்கையையும் அப்படி ஒப்பிடுவது பிழை. அந்தப் பிழை எங்கே பிறக்கிறது என்பதைச் சிதம்பரத்திலேயே பார்க்கலாம்.

அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழக நிர்வாகத்தை 2013இல் தமிழக அரசு ஏற்ற பின்பும், அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. அரசுக் கல்லூரிக் கட்டணமே வேண்டும் என்று மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினர். 2021 ஜனவரியில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. கட்டணம் சுமார் 13,600 ரூபாய்க்கு இறங்கியது. பாடமும் வார்டும் மாறவில்லை. கணக்கில் மட்டும் பெற்றோர் கட்டிவந்த தொகை தனியார் நுகர்விலிருந்து கழிந்தது. கல்லூரியை நடத்தும் செலவு, வசூலாகும் சிறு கட்டணம் போக, அரசு நுகர்வில் ஏறியது. வாழ்க்கைச் சுமை குறைந்த குடும்பத்தை, நுகர்வு குறைந்த குடும்பமாகப் புள்ளிவிவரம் காட்டுகிறது.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு மாற்றத்துக்கு இடமே இருந்ததில்லை. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னெடுத்த இலவசக் கல்வி 1945 முதல் நடப்பில் உள்ளது. 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தின் செலவு முதல் நாளிலிருந்தே அரசு நுகர்வுதான். அரசு மருத்துவமனைச் சிகிச்சையும் அப்படியே. ஆகவே தனியார் நுகர்வை மட்டும் பார்த்தால் இலங்கைக் குடும்பம் உண்மையில் பெறுவதைவிடக் குறைவாகப் பெறுவதாகத் தோன்றும். ஐ.நா.வின் 2008 தேசியக் கணக்கு முறைமை இதற்கு வழி சொல்கிறது: அரசு தனிமனிதருக்கு அளிக்கும் கல்வி, மருத்துவத்தைக் குடும்பச் செலவோடு கூட்டி ‘மெய் நுகர்வு’ எனக் கொள்ளலாம்.

காலவரிசை ஒப்பீட்டில் விலையும் நாணயமும் குறுக்கிடுகின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்குச் சுமார் 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கொழும்பு நுகர்வோர் விலைப் பணவீக்கம் செப்டம்பரில் 69.8 விழுக்காடு. நடப்பு விலையில் செலவு வீங்கியது. டாலரில் அதே செலவு சரிந்தது. இரண்டுமே மக்களின் தட்டில் விழுந்த சோற்றின் அளவைச் சொல்லவில்லை. அதற்கு நிலையான விலையும், நாடுகளுக்கிடையே வாங்கும் திறன் சமநிலையும் வேண்டும். இந்தியக் கணக்காண்டு ஏப்ரலிலும் இலங்கையின் ஆண்டு ஜனவரியிலும் தொடங்குவதால், 2022 போன்ற நெருக்கடி ஆண்டுகளில் காலாண்டு வாரியாகப் பொருத்துவதே நல்லது.

குடும்ப ஆய்வுகளும் ‘கட்டணம் யார் கணக்கில்’ என்ற அதே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன. 2022–23 இந்திய நுகர்வுச் செலவு ஆய்வில் கிராமப்புறத் தலா மாதச் செலவு 3,773 ரூபாய். இலவசமாகப் பெற்ற அரிசி முதலியவற்றுக்கு விலையிட்டுச் சேர்த்தால் 3,860. ஆனால் இந்தக் கூட்டலிலும் இலவசக் கல்வியும் மருத்துவமும் இடம்பெறவில்லை. அவற்றையும் சேர்த்த மெய் நுகர்வே இவ்விரு நாடுகளை ஒப்பிடத் தக்க அளவுகோல்.