மதுரை மெட்ரோ ரயில்: பயணத் தேவைக் கணிப்பு

திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ. நீளத்துக்குத் திட்டமிடப்பட்ட மெட்ரோ ரயில் தடத்தில் எத்தனை பேர் பயணிப்பார்கள், அதனால் என்ன பயன் விளையும் என்பதை மதிப்பிடுவதே பயணத் தேவைக் கணிப்பு. திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை வழியாக மதுரை ரயில் சந்திப்பை அடையும் தடம் இது.

இத்தகைய கணிப்பில் வீட்டுவாரிக் கணக்கெடுப்பும் சாலைப் போக்குவரத்து எண்ணிக்கையும் அடிப்படை. யார் எங்கிருந்து எங்கே போகிறார்கள், பேருந்தையோ இருசக்கர வாகனத்தையோ விட்டு எத்தனை பேர் மாறுவார்கள் என்பது அதிலிருந்து கணக்கிடப்படும். மிச்சமாகும் நேரம், எரிபொருள், குறையும் விபத்துகள் ஆகியவை பணமதிப்பாக்கப்படும். 2017 மெட்ரோ கொள்கைப்படி பொருளாதார வருவாய் வீதம் குறைந்தது 14 விழுக்காடு இருக்க வேண்டும்.

சாதாரண வேலைநாளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கோயில் தலமான திருப்பரங்குன்றத்தின் பயணத் தேவை பிடிபடாது. பௌர்ணமி கிரிவலத்துக்கும் வைகாசி விசாகத்துக்கும் திரளும் கூட்டத்தைத் தனியே எண்ண வேண்டும்.

நவம்பர் 2025இல் மத்திய அரசு இந்தத் திட்டத்தைத் திருப்பியனுப்பியது. நகரத்துக்குக் குறைந்தது 20 லட்சம் மக்கள்தொகை வேண்டும் என்ற மெட்ரோ கொள்கையின் வரம்பு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரத்திரளின் மக்கள்தொகை 14.65 லட்சம். அந்தப் பழைய எண்ணைக் கொண்டு இன்றைய மதுரையை அளப்பது நியாயமல்ல.