வரிக்குப் பொறுப்பு யார்? கங்சு முதல் கம்பெனி இயக்குநர் வரை

வரி எவ்வளவு என்பது ஒரு வினா. அவ்வரிக்கு யார் பொறுப்பு என்பது மற்றொரு வினா. மக்கள் பெரிதும் பேசுவது முதல் வினாவைப் பற்றியே. ஆயினும் வணிகனின் குடும்பத்தை வாழவைப்பதும் வருத்துவதும் பல வேளைகளில் இரண்டாவது வினாவேயாகும். மலேசியாவில் சொந்தப் பெயரில் கடை வைத்திருப்பவருக்கு ஒரு முறையும், கம்பெனி இயக்குநருக்கு வேறொரு முறையும் இருப்பதன் காரணத்தை அறிய, ஜொகூர் மாநிலத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து தொடங்குதல் நலம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜொகூரின் பெரும்பகுதி காடாக இருந்தது. தெமெங்கோங் இப்ராகிம் 1844 முதல் சீனக் குடியேற்றக்காரருக்குச் 'சூராட் சுங்கை' என்னும் ஆற்று முறிகளை வழங்கினார். முறி பெற்றவர் அவ்வாற்றங்கரையில் மிளகும், தோல் பதனிட உதவும் கம்பீர் என்னும் பயிரும் விளைவித்தனர். குடியேற்றத்தின் தலைவர் கங்சு எனப்பட்டார்; அவர் தங்கிய இடம் கங்கார் எனப்பட்டது. கங்கார் பூலாய் போன்ற ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் வாழ்கின்றது. அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை ஆகியவற்றின் உரிமையும் தம் எல்லைக்குள் கங்சுவிடமே இருந்தது.

இங்கு ஒன்றைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். முதல் போட்ட வணிகர் பலர் சிங்கப்பூரில் இருந்தனர். ஓர் ஆற்றுக்குப் பங்குதாரர் பலராக இருத்தலும் உண்டு. ஆனால் அரசின் முன் நின்று விடை கூறவேண்டியவர் கங்சுவே. உடைமை ஓரிடத்திலும் பொறுப்பு மற்றோரிடத்திலும் நின்ற இம்முறை 1917இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தமிழரிடையே நகரத்தாரின் வட்டிக்கடைகள் வேறு வகையின. மூவார் முதலிய ஊர்களில் அவர்கள் தொழில் நடத்தினர். கடைக்கு 'விலாசம்' என்னும் பெயர் இருந்தது. செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்காக மேலாள் தவணைக் கணக்கில் வந்து கடையை நடத்தினார். பேரேடும் ஐந்தொகையும் தவறாது எழுதப்பட்டன. ஆயினும் விலாசம் என்பது உரிமையாளருக்கு அப்பாற்பட்ட தனி ஆள் அன்று. கடையின் கடன் குடும்பத்தின் கடனே. இக்குடும்ப முறையைப் பிற்கால வரிச்சட்டமும் மறந்துவிடவில்லை. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இந்துக் கூட்டுக் குடும்பத்திற்குத் தனி வரையறை இடம்பெற்றுள்ளது.

கம்பெனியோ முற்றிலும் வேறானது. இலண்டனில் தோற்பாதரட்சை வணிகம் செய்த சாலமன் என்பவர் தம் கடையைக் கம்பெனியாக மாற்றினார். மனைவியும் பிள்ளைகள் ஐவரும் ஆளுக்கு ஒரு பங்கு பெற்றனர். எஞ்சிய பங்குகள் யாவும் அவருடையவை. கம்பெனி நொடித்தபோது, அது சாலமனே என்று கடன்காரர் தரப்பில் வாதிடப்பட்டது. கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று 1896இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஜொகூரில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், இலண்டனில் பதிவான கம்பெனிகள் பல இக்கொள்கையின் நிழலிலேயே இயங்கின. தொழிலாளர் கண்ணால் கண்டது துரையை மட்டுமே. ஆனால் துரையும் சம்பளத்திற்கு வேலை செய்தவரே. தோட்டம் கம்பெனியின் உடைமை.

மலாயாவில் நிலையான வருமான வரி 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1948 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டம் 1968 முதல் அதன் இடத்தைப் பெற்றது. வரியைத் தாமே கணக்கிட்டு அறிவிக்கும் முறை கம்பெனிகளுக்கு 2001இலும் தனியாட்களுக்கு 2004இலும் வந்தது.

இன்றைய வேறுபாட்டைச் சுருக்கமாகக் காணலாம். தனி வணிகரின் இலாபம் முழுவதும் அவருடைய வருமானமே. கல்லாவிலிருந்து தமக்கென எடுக்கும் பணத்தைச் சம்பளம் என்று செலவில் எழுத இயலாது. அவருக்குரிய வரி படிப்படியாக உயர்ந்து 30 விழுக்காடு வரை செல்லும். இரு மாதங்களுக்கு ஒருமுறை ஆறு தவணைகளில் அதனைச் செலுத்துவது வழக்கம். கம்பெனிக்கோ பொதுவான வரி 24 விழுக்காடு. சிறிய கம்பெனிகளுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு, முதல் 6,00,000 ரிங்கிட் வருமானத்திற்குக் குறைந்த வரியே. இயக்குநர் பெறும் சம்பளம் கம்பெனியின் செலவு. அச்சம்பளத்திற்கு அவர் தனியாளாக வரி செலுத்துவார். அது 1995இல் தொடங்கிய மாதப் பிடித்தத்தின் வழியே செல்லும். இருசாராரும் கணக்கேடுகளை ஏழாண்டு காத்தல் வேண்டும்.

2017 சனவரி 31இல் நடைமுறைக்கு வந்த புதிய கம்பெனிச் சட்டத்தின்படி ஒருவரே தனியாகச் 'செண்டிரியான் பெர்ஹாட்' அமைக்கலாம். பலசரக்குக் கடையோ பூக்கடையோ வைத்திருப்பவரும் இவ்வழியை நாடக்கூடும். அங்கேதான் கவனம் தேவை. கம்பெனி வேறு, நான் வேறு என்று எண்ணுபவர், கம்பெனிப் பணம் தம் பணம் அன்று என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். கம்பெனியின் சொந்தப் பணத்தை இயக்குநர் வட்டியின்றிக் கடனாக எடுத்தால், கம்பெனிக்கு வட்டி வந்ததாகவே வரிச்சட்டம் கொள்ளும். கம்பெனி வரி செலுத்தத் தவறினால், 75ஏ பிரிவின்படி, நிருவாகத்தில் ஈடுபட்டு 20 விழுக்காட்டுக்குக் குறையாத பங்கைக் கைக்கொண்ட இயக்குநரிடமே அதனை வசூலிக்கலாம். வரிப் பாக்கி உள்ளவர் நாட்டைவிட்டு வெளியேறாமல் தடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. நாள்தோறும் கடற்பாலம் கடந்து சிங்கப்பூர் செல்வோர் நிறைந்த ஜொகூரில் இத்தடையின் கடுமையை விளக்கவேண்டியதில்லை. சாலமன் வழக்கில் எழுந்த சுவருக்கு வரித்துறை ஒரு வாயில் வைத்துள்ளது.

இச்சட்டக் கருத்து தமிழ் மாணவர்க்கு அந்நியமானது அன்று. இயக்குநர் குழுவை வாரியம் என்கிறோம். வரி வசூலிக்கும் அமைப்பையும் வருமான வரி வாரியம் என்கிறோம். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிவுசெய்யும் விதிகள் உள்ளன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவரே தகுதியுடையவர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் தகுதியற்றவர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். வாரியம் பலர் கூடிய அமைப்பாயினும், கணக்கு ஒவ்வொருவரையும் தனித்தனியே தொடர்ந்தது.

கங்சுவின் பெயர் முறியில் இருந்தது. செட்டியாரின் பெயர் விலாசத்தில் இருந்தது. இயக்குநரின் பெயர் பதிவேட்டில் இருக்கின்றது. தனி வணிகராக இருப்பதா, கம்பெனி அமைப்பதா என்று ஆராய்பவர் வரி விழுக்காட்டை மட்டும் ஒப்பிடுதல் போதாது. இரண்டிலும் கணக்கு எழுதும் கை அவருடையதே. கேள்வி எழுந்தால் விடை கூறவேண்டிய வாயும் அவருடையதே.